பொன்னாடை குளிருக்கு உதவாது: பணித்தளத்துக்குப் புதிதாகப் புறப்படுகிறவர்களுக்கு

வழியனுப்புக் கூட்டத்தில் எனக்கு ஐந்து பொன்னாடை போர்த்தினார்கள். சேகரக் குருவானவர் ஒன்று, வாலிபர் சங்கம் ஒன்று, பெண்கள் ஐக்கிய சங்கம் ஒன்று. மற்ற இரண்டும் யார் போர்த்தியவை என்று நினைவில்லை. ஐந்தையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஜார்க்கண்டில் போய் இறங்கினேன். அது தனி மாநிலமான மறு ஆண்டு. கும்லா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் டிசம்பர் இரவு. குளிர் தாங்காமல் ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திப் படுத்தேன். ஜரிகை குத்தியதுதான் மிச்சம். நடுச்சாமத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி ஒரு பழைய கம்பளியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

மேடையில் கிடைத்த எதுவும் பணித்தளத்தில் எனக்கு உதவவில்லை. ஒராவோன் பழங்குடி மக்கள் நடுவே பத்தொன்பது ஆண்டுகள் இருந்து நான் படித்துக்கொண்டது இதுதான். திருநெல்வேலி, தூத்துக்குடி, குமரிச் சபைகளிலிருந்து இப்போது வடக்கே மிஷனெரி ஊழியத்துக்குப் புறப்படும் தம்பி தங்கைகளுக்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். பெரும்பாலும் நான் செய்யத் தவறியவை.

புறப்படும் முன் ஒரு சோதனை

தரிசனம் கண்டேன், அழைப்பு வந்தது என்று வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் சபையில் யாரும் விரும்பாத வேலை ஒன்றை ஆறு மாதம் செய்யுங்கள். அசனம் என்ற சபை விருந்து முடிந்ததும் அண்டா தேய்க்கலாம். படுக்கையில் கிடக்கும் முதியவரை வாரம் இருமுறை குளிப்பாட்டலாம். ஒரே நிபந்தனை, அதை யாரிடமும் சொல்லக் கூடாது. சாட்சி நேரத்தில் கூடாது, ஜெபக் குறிப்பு என்ற பெயரிலும் கூடாது. மூன்றாவது வாரத்தில், யாருக்காவது தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று மனம் அரிக்கும். எல்லாருக்கும் அரிக்கும். ஆறாவது மாதத்திலும் அதே வேகத்தில் அரித்தால் இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் போங்கள்.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தைப் புறப்படும் முன் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றையும் ஒளித்துச் செய்யச் சொல்கிறது அந்த அதிகாரம். உபவாசிக்கிறவர்கள் முகவாடலாய் இருக்க வேண்டாம், தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவுங்கள் என்று சொன்னவர், இன்று இருந்திருந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். ஒரு சிறு தொல்லை: அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்க அங்கே அறைவீடு இருக்காது. மண்சுவருக்கு அந்தப் பக்கம் மாடு நிற்கும், இந்தப் பக்கம் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். விடியுமுன் வயல் வரப்பில் நடந்துகொண்டே ஜெபிக்கப் பழகுங்கள். பார்க்கிறவர்கள் நீங்கள் வெளிக்குப் போவதாக நினைத்துக்கொள்வார்கள். அதைவிடப் பாதுகாப்பான அறைவீடு கிடையாது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்களைத் தாங்கப்போகிறவர்களில் இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய் வாருங்கள். பெரிய காணிக்கையாளர் வீட்டுக்கு அல்ல, பிடியரிசி எடுத்து வைக்கும் வீட்டுக்கு. உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போடும் பாட்டி இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் பணமும் நம் ஆட்களும் போதும் என்று துணிந்தது இப்படிப்பட்ட வீடுகளை நம்பித்தான். அந்தப் பானையை ஒருமுறை கண்ணால் பார்த்தவனுக்கு ஏசி வகுப்பு டிக்கெட் எடுக்கக் கை வராது.

பெட்டி

கம்பளி இரண்டு, கொசுவலை, டார்ச், நல்ல செருப்பு, புளி. பேனர், விசிட்டிங் கார்டு, கோட், பெயருக்கு முன்னால் போட வைத்திருக்கும் பட்டம் ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். புளியைக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளலாம், அதில் தாழ்மை வேண்டாம்.

ஆலப்புழையிலிருந்து தன்பாத் போகும் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம், காட்பாடி வழியாக ராஞ்சிக்குப் போகிறது. காட்பாடியில் ஏறுகிறவர்களைக் கவனியுங்கள். கையில் எக்ஸ்ரே உறையோடு வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பும் ஜார்க்கண்ட் குடும்பங்கள் அவை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பலருக்குத் தமிழ்நாடு என்றால் வேலூர்தான். நாளைக்கு உங்கள் ஊர் நோயாளி ஒருவரோடு நீங்களும் இதே வண்டியில் எதிர்த் திசையில் வர வேண்டியிருக்கும். நான் பதினோரு முறை வந்தேன். பிரசங்கித்து நான் சம்பாதித்த நம்பிக்கையைவிட, அந்த ஆஸ்பத்திரி வரிசைகளில் டோக்கன் வாங்க நின்று சம்பாதித்தது அதிகம்.

முதல் மாதம்

முதல் மாதம் பிரசங்கம் வேண்டாம், கூட்டம் வேண்டாம். பஞ்சாயத்துத் தலைவரான முக்யாவைப் போய்ப் பாருங்கள். பிறகு பாஹானைப் பாருங்கள். பாஹான் என்பவர் அந்த ஊரின் சர்னா பூசாரி. சர்னா என்பது பழங்குடியினரின் மரபு வழிபாடு. சால் மரங்கள் சூழ்ந்த சர்னாத் தோப்பு அவர் பொறுப்பில் இருக்கிறது. தோப்புக்குள் செருப்போடு போகாதீர்கள், கிளை ஒடிக்காதீர்கள். சால் பூக்கும் காலத்தில் சர்ஹுல் திருவிழா வரும். அதைப் பற்றிப் பழித்து ஒரு சொல் பேசினாலும், மேடையில் உங்களுக்குக் கைதட்டு கிடைக்கலாம், ஊருக்குள் கதவுகள் மூடிக்கொள்ளும். உங்கள் விசுவாசம் உங்களுக்கு உறுதியாக இருந்தால் அடுத்தவர் தோப்பைத் திட்டித்தான் அதைக் காட்ட வேண்டும் என்பதில்லை.

வீட்டுக்குப் போனால் வாசலில் பலகை போட்டு உட்காரவைத்துச் செம்புத் தண்ணீரில் உங்கள் காலைக் கழுவுவார்கள். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை அது. இயேசு சீடர்களின் காலைக் கழுவும் யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்க நான்கு குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன். ஒரு கிழவி குனிந்து என் காலைக் கழுவியபோது, பேதுரு மாதிரி காலை இழுத்துக்கொண்டேன். இழுக்காதீர்கள். பேசாமல் கழுவ விடுங்கள். அது நீங்கள் நினைப்பதைவிடக் கஷ்டமான காரியம்.

அடுத்தது ஹண்டியா. அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம், விருந்தாளி வந்தால் முதலில் வருவது அதுதான். வேண்டாம் என்பதற்குப் பிரசங்கம் தேவையில்லை. “காகி, எனக்கு ஒத்துக்கொள்ளாது, மாட் இருந்தால் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். காகி என்றால் சித்தி, காகா என்றால் சித்தப்பா. மாட் என்பது சோற்றுக் கஞ்சி. எந்த வீட்டிலும் இருக்கும். நீங்கள் கேட்டு வாங்கிக் குடித்தீர்கள் என்ற சந்தோஷம் அவர்களுக்கு, தப்பித்த சந்தோஷம் உங்களுக்கு.

காய்ச்சல் வந்தால் ஜெபித்துக்கொண்டே ரத்தப் பரிசோதனைக்கும் போங்கள். ஊர் சுகாதாரப் பணியாளரை அங்கே சஹியா என்பார்கள். மலேரியாவைச் சோதிக்கும் வழி அவருக்குத் தெரியும். விசுவாசத்தைக் காட்டுகிறேன் என்று மாத்திரையைத் தள்ளிப் போட்ட ஒருவரைத் தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான்.

மொழி

அந்த ஊர்களில் மூன்று மொழிகள் புழங்கும். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் இந்தி, சந்தைக்கு சாத்ரி, வீட்டுக்கும் அழுகைக்கும் ஒராவோன்களின் தாய்மொழியான குடுக். நம்மவர்களில் பலர் இந்தியோடு நின்றுவிடுவார்கள், அதிலேயே பிரசங்கிக்கலாம் என்பதால். பிரசங்கிக்கலாம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மூலையில் உட்கார்ந்து எதுவும் புரியாமல் விழிக்கவும் செய்யலாம்.

குடுக், திராவிட மொழி. நமக்கு அண்ணன் தம்பி உறவு. நான்கு என்பதற்கு நாக், மூன்று என்பதற்கு மூந்த், நீ என்பதற்கு நீன். “நான்” என்பதற்கு “ஏன்”. இந்தக் கடைசிச் சொல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. நாளைக்குச் சந்தைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பெண் “ஏன்” என்றார். காரணம் கேட்கிறார் என்று நினைத்து, உப்பு வாங்க வேண்டும், விளக்குத்திரி வாங்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கிவிட்டேன். ஊரே சிரித்தது. சிரிக்க விடுங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு திண்ணைப் பள்ளியில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதித்தான் தமிழ் படித்தார். பெரியவர்கள் முன்னால் சிறுபிள்ளையாக ஒரு வருடம் இருக்க மனமில்லாதவர்களுக்கு மொழி வராது.

இந்தியில் இல்லாத ஒன்று குடுக்கில் இருக்கிறது. நாங்கள், நாம் என்று தமிழில் பிரிக்கிறோம் அல்லவா, அந்தப் பிரிவு அங்கேயும் உண்டு. கேட்கிறவரைச் சேர்க்காமல் சொன்னால் “ஏம்”, சேர்த்துச் சொன்னால் “நாம்”. நம் நாமேதான். நீங்கள் என்பதற்கு “நீம்”. தட்டுத்தடுமாறிக் குடுக்கில் பேசத் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் ஒரே செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: நீம் பாவிகள், நீம் மனந்திரும்புங்கள். ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் வயதான ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். மற்றவர் முன்னால் திருத்தினால் நான் வெட்கப்படுவேனே என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாராம். “அந்தச் சொல்லைத் தவறாகச் சொல்கிறீர்கள். அந்த இடத்தில் நாம் என்று வர வேண்டும்” என்றார். அவர் இலக்கணப் பிழை என்றே நினைத்துத் திருத்தினார். நான் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

ஆகவே நடைமுறையில்: முதல் பன்னிரண்டு மாதம் ஒரே குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதும் சொற்களில் முதல் நூறு, சமையலும் விவசாயமும் நோயுமாக இருக்கட்டும். பரிசுத்தம், நீதிமான் எல்லாம் காத்திருக்கும்.

சட்டமும் நிலமும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் மறக்காதீர்கள். மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25-வது பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்பளித்தது. ஜார்க்கண்டில் 2017-ன் சட்டப்படி வற்புறுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் 3 ஆண்டுச் சிறையும் 50 ஆயிரம் ரூபாய் அபராதமும் வரை போகும். அந்த நபர் பெண்ணாகவோ சிறாராகவோ பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் 4 ஆண்டு, 1 லட்சம். சடங்குக்கு முன் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு. ஆனால் போர்வை கொடுத்த கையோடு கைப்பிரதியும் கொடுப்பதை, சட்டம் வருமுன்னரே நாம் நிறுத்தியிருக்க வேண்டும். போர்வை கொடுத்தால் போர்வையோடு திரும்பி வந்துவிடுங்கள்.

நிலம் வாங்காதீர்கள். சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் 1908-லிருந்து பழங்குடியினர் நிலத்தை வெளியார் கைக்குப் போகாமல் காத்துவருகிறது. உள்ளூர் விசுவாசி பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரிடம் அடுத்த யோசனை கேட்காதீர்கள்.

பணம்

பைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்திருக்கட்டும். கணக்கு நோட்டை உள்ளூர்ச் சபையில் மாதம் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், உங்கள் சம்பளம் உட்பட. எனக்கு முதல்முறை நா வறண்டது.

1779-ல் சென்னை அரசின் தூதராக ஹைதர் அலியைப் பார்க்க ஸ்ரீரங்கப்பட்டணம் போன ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயருக்கு, வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய்ப் பை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மறுத்தால் அவமதிப்பாகும் என்று வாங்கிக்கொண்டவர், சென்னை வந்ததும் அதை அரசிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கினார். மறுப்பதையே ஒரு காட்சியாக்காமல் வாங்கிக்கொண்டு, தனக்கென்று வைத்துக்கொள்ளவும் இல்லை. அன்பளிப்பு வரும்போது என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தக் கதைதான்.

வெளிநாட்டிலிருந்து யாராவது அன்பாக உங்கள் சொந்தக் கணக்குக்கு ஊழியப் பணம் அனுப்புகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

அறிக்கையும் படமும்

மாதாந்தர அறிக்கையில்தான் ஊழியன் அதிகம் வழுக்கி விழுகிறான். எத்தனை கிராமம் சந்தித்தீர்கள், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் தீர்மானம் எடுத்தார்கள் என்று கட்டங்கள் இருக்கும். கட்டம் காலியாக இருந்தால் தாங்குகிறவர்கள் சோர்ந்துவிடுவார்களோ என்று பயம் வரும். சந்தையில் நின்ற கூட்டமெல்லாம் “கேட்டவர்கள்” ஆகிவிடும்.

பூஜ்யம் எழுதப் பழகுங்கள். 1845-ல் பெர்லின் போதகர் கோஸ்னர் அனுப்பிய நான்கு மிஷனெரிகள் ராஞ்சிக்கு வந்தார்கள். முதல் நான்கு ஒராவோன்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது 1850-ல். நடுவில் ஐந்தாண்டு அவர்கள் நம் படிவத்தை நிரப்பியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? நான் “இந்த மாதம் காகாவோடு நாற்று நட்டேன், இடுப்பு வலி” என்று ஒருமுறை எழுதி அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். ஆனால் சாயர்புரத்துப் பக்கமிருந்து ஒரு பாட்டி, இடுப்புக்காகத் தினமும் ஜெபிப்பதாகக் கடிதம் போட்டிருந்தார்.

படம் விஷயத்தில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் கையில் ஒரு சின்னக் கேமரா. கம்பளி கொடுத்தவரின் மகன், நான்கு வயது, சட்டையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து இலைத் தொன்னையில் சோறு தின்றுகொண்டிருந்தான். கன்னமெல்லாம் சோறு. அழகாக இருந்தது, எடுத்தேன். அறிக்கையோடு அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து ஊரிலிருந்து வந்த ஜெபக்குழு ஒன்று பத்திரிகைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. உள்பக்கத்தில் அந்தப் பையன். கீழே தமிழில் கொட்டை எழுத்தில், “ஒரு வேளைச் சோற்றுக்கு ஏங்கும் பிஞ்சு”. அவன் தின்றுகொண்டிருந்தது அவன் வீட்டுச் சோறு. அந்த மழைக்காலம் முழுதும் நானும் அதே பானையில்தான் சாப்பிட்டேன்.

தகப்பன் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்து வாங்கினார். “என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார்.

“உங்கள் மகன் என்று எழுதியிருக்கிறது, காகா” என்றேன்.

அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டினார். நான் அந்த ஊரை விட்டு வரும்வரை அது அங்கேயே இருந்தது. தமிழ் தெரிந்த யார் அந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

எனவே: ஒருவர் வீட்டுச் சுவரில் அவர் மொழியில் குறிப்போடு ஒட்ட முடியாத படத்தை எடுக்காதீர்கள். ஞானஸ்நானப் படம் வேண்டவே வேண்டாம். உங்களுக்கு அது பக்கம் நிரப்பும், அவருக்கு அது நாளைக்கு வழக்காகவோ அடியாகவோ திரும்பலாம். ஜெபவீடு கட்டினால் கல்லில் உங்கள் பெயரும் வேண்டாம், பணம் கொடுத்தவர் பெயரும் வேண்டாம். இந்தியாவில் ஐம்பத்தைந்து ஆண்டு ஊர் திரும்பாமல் உழைத்த அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1951-ல் டோனாவூரில் இறந்தபோது, தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்தார்கள். பணம் கொடுத்தவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பேருக்குக் கதவில் சின்னதாக எழுதிக் கொடுக்க வேண்டிவரும். எல்லாப் போரிலும் ஜெயிக்க முடியாது.

விடுமுறையில் ஊர் வரும்போது

மேடை திரும்பவும் கூப்பிடும். காடு, பாம்பு, எதிர்ப்பு, அற்புதம் என்று நான்கு கதைகளைச் சொன்னால் சபை எழுந்து நிற்கும். காட்டு மக்கள், இருளில் இருக்கிறவர்கள் என்று சொல்லத் தொடங்கும்போது, கம்பளி கொடுத்தவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளைப் பார்த்துப் பேசியதை நாம் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறோம். தியாகமெல்லாம் செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அரங்கத்தில் பலருக்கு அது கசந்தது. இப்போது சம்பளமும் பைக்கும் ஐந்து மொழியும் உள்ள தமிழன்தான் அந்த ஊர்களில் துரை. அதே கேள்வியைக் குடுக்கில் நம்மிடம் யாராவது கேட்டால் நமக்குக் கசக்காமல் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது அந்த ஊர்க்காரர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். காட்சிப் பொருளாக அல்ல, விருந்தாளியாக. உங்கள் வீட்டில் தங்கவைத்து, கடல் காட்டி, உங்கள் அம்மா கையால் சோறு போடுங்கள். சபையில் பேசச் சொன்னால் அவர் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் அழைத்து வந்தவர் மணப்பாட்டுக் கடலைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்தார். குருவானவர் முகம் சுருங்கியது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது.

ஒப்படைப்பு

பணித்தளத்துக்குப் போன ஐந்தாம் ஆண்டிலேயே, யாரிடம் ஒப்படைக்கப் போகிறோம் என்று பார்க்கத் தொடங்குங்கள். முதலில் பாட்டு அவர்கள் கையில் போகட்டும், பிறகு பிரசங்கம், பிறகு கணக்கு. கணக்கைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் கொடுத்தேன் என்பவர் எதையும் கொடுக்கவில்லை. அவர்கள் ஆராதனையை உங்களைவிட மோசமாக நடத்தினால் பின்வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளுங்கள். உங்களைவிட நன்றாக நடத்தினாலும் அதையே செய்யுங்கள், இது இன்னும் சிரமம்.

கிளம்பும் வருடம் வழியனுப்புவிழா வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்க மாட்டார்கள், மாந்தர் என்ற மேளம் வாசித்து விடியும்வரை ஆடுவார்கள். அது அவர்கள் விருப்பம், நீங்களும் ஆடுங்கள். ஆனால் அதற்கு முன் ஜெபவீட்டின் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். உங்கள் பெயரில் இருந்தால் மாற்றுவதற்கான மனுவை உடனே கொடுங்கள். எனக்கு ஏழு வாரம் ஆயிற்று.